முதலில் நடுவர்களை எண்ணுங்கள்: பன்னாட்டுப் பள்ளி விவாதப் போட்டி நடத்தப் போகிறவர்களுக்கு

பள்ளி மாணவர்களுக்குப் பன்னாட்டு விவாதப் போட்டி நடத்தலாம் என்று முடிவு செய்கிறவர்கள் அடுத்த நாளே அரங்கம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் லோகோ, கோப்பை, தொடக்க விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்கிற பேச்சு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாங்கள் நடத்திய முதல் போட்டியில் தொடக்க விழா ஜம்மென்று நடந்தது. இரண்டாம் சுற்று இரண்டரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. காரணம் ரொம்ப எளிது: அறைகள் 14, நம்பி அனுப்பக்கூடிய நடுவர்கள் 11. மீதி மூன்று அறைகளுக்கு ஆள் தேடிக் கட்டடம் முழுக்க நான் ஓடிக்கொண்டிருந்தபோது, வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் குறிப்புத் தாள்களைக் கையில் பிடித்தபடி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை மற்றவர்கள் சொல்வதற்குக் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். அரங்கம் கடைசியில்தான் வரும், அதுவும் ஓரிரு வரியில்.

எந்த முறையில் விவாதம்?

இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பள்ளி அளவில் பல நாட்டு அணிகள் வந்தால் உலகப் பள்ளிகள் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 1988-இல் ஆஸ்திரேலியாவில் ஆறு அணிகளோடு தொடங்கியது. இன்று பல நாட்டுப் பள்ளி அணிகள் பழகி வருவது இந்த முறையில்தான், அதனால் வருகிறவர்களுக்கு விதிகளைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்காது. ஒரு விவாதத்தில் இரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேச்சாளர்கள். அணிப் பட்டியலில் ஐந்து பேர் வரை இருக்கலாம், சுற்றுக்குச் சுற்று மூவரை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். ஆறு பேரும் பேசி முடித்தபின் அணிக்கு ஒரு முடிவுரை, 4 நிமிடம். அதை முதல் அல்லது இரண்டாம் பேச்சாளர்தான் பேச வேண்டும், தலைப்பை எதிர்த்துப் பேசும் எதிர் அணி முதலில் பேசும். முக்கியப் பேச்சுகளில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் மற்ற அணியினர் எழுந்து நின்று இடைக்கேள்வி கேட்கலாம், ஏற்பதும் மறுப்பதும் பேசுகிறவர் விருப்பம். முடிவுரையில் இடைக்கேள்வி கிடையாது.

பல்கலைக்கழகப் போட்டிகளில் இருந்து வரும் நண்பர் யாராவது, ஒரே அறையில் நான்கு அணிகள் மோதும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை வைக்கலாமே, அறைகளும் மிச்சமாகுமே என்று கட்டாயம் சொல்வார். தலையாட்டிவிட்டு உலகப் பள்ளிகள் முறையையே வையுங்கள். பிரிட்டிஷ் முறையில் தயாரிப்பு நேரம் 15 நிமிடம்தான். 15 வயதுப் பிள்ளைகள், அதுவும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள், அந்த நேரத்துக்குள் ஒரு வாதத்தைக் கட்டி எழுப்புவது பெரும்பாடு.

நடுவர்கள்

அணிகளை அழைக்கும் முன் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். நட்புக்காக வருகிறவர், புரவலர் அனுப்புகிற மேலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர் இவர்களை எல்லாம் சேர்க்காமல், ஒரு விவாதத்தைக் கேட்டு யார் வென்றார்கள், ஏன் வென்றார்கள் என்பதைப் பத்து நிமிடத்தில் தோற்ற அணிக்கும் புரியும்படி சொல்லத் தெரிந்தவர்களை மட்டும். அந்த எண்தான் உங்கள் போட்டியின் அளவு.

கணக்கைப் பாருங்கள். 32 அணிகள் என்றால் 16 அறைகள். அறைக்கு மூன்று நடுவர் என்றால் 48 பேர் வேண்டும். உங்களிடம் 30 பேர் இருந்தால் 7 அறைகளுக்கு மூவர், 9 அறைகளுக்கு ஒருவர் போடலாம்; இரண்டு பேர் எங்கேயும் கூடாது, ஏனென்றால் கருத்து பிரிந்தால் முடிவு வராது. ஆனால் அந்த 30 பேரில் ஒருவர் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார், இன்னொருவர் சொந்த நாட்டு அணிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மூன்றாமவர் போன வருடம் பயிற்சி கொடுத்த அணி வேறு பள்ளிப் பெயரில் வந்திருக்கும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் சுற்றில் மூச்சு முட்டும். 18 நல்ல நடுவர்கள்தான் இருக்கிறார்கள் என்றால் 32 அணிப் போட்டி வேண்டாம், 20 அணிகளோடு நடத்துங்கள். 20 அணிப் போட்டி நன்றாக நடந்தால் அடுத்த வருடம் கேட்காமலே வருவார்கள்.

ஒவ்வோர் அணியும் ஒரு நடுவரைக் கூட்டி வரவேண்டும் என்று விதி வைப்பது வழக்கம், வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அணியோடு வருகிறவர் பெரும்பாலும் அந்த அணியின் பயிற்சியாளர். தன் பிள்ளைகள் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மனம் இங்கே இருக்காது. எந்த அணியையும் சாராத நடுவர்களைத் தங்கும் இடமும் சாப்பாடும் கொடுத்துக் கூப்பிடுவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் முதல் வரியிலேயே பணம் ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டுக் கடைசியில் மிச்சமிருப்பதை நடுவர்களுக்கு என்று வைத்தால், மிச்சம் எதுவும் இருக்காது.

அப்புறம் பயிற்சி. இந்த முறையில் ஒரு பேச்சுக்கு 100 மதிப்பெண்: பேசும் விதத்துக்கு 40, உள்ளடக்கத்துக்கு 40, உத்திக்கு 20. ஆனால் நடைமுறையில் 60-க்குக் கீழேயும் 80-க்கு மேலேயும் போவதில்லை, சராசரிப் பேச்சுக்கு 70. முடிவுரைக்கு எல்லாம் பாதி, அதாவது 30 முதல் 40 வரை. ஆக ஒரு சராசரி அணிக்கு மொத்தம் 245 வரும். இந்த அளவுகோல் தெரியாத புது நடுவர் பள்ளித் தேர்வு போல 85, 90 என்று அள்ளிக் கொடுப்பார். இன்னொருவர் கறாராக 62, 63. இரண்டு பேரும் சரியான அணியைத்தான் வெற்றி பெற்றதாகச் சொல்லியிருப்பார்கள், ஆனால் அடுத்த கட்டத்துக்குப் போகும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மதிப்பெண்கள்தான் ஓர் அணியைத் தூக்கும், இன்னோர் அணியைக் கவிழ்க்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். போட்டிக்கு முந்தைய நாள் எல்லா நடுவர்களையும் உட்கார வைத்து ஒரு விவாதத்தின் காணொளியை முழுதாகப் போட்டுக் காட்டி, எல்லோரையும் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு எண்களைப் பலகையில் எழுதுங்கள். ஒரே பேச்சுக்கு ஒருவர் 66, ஒருவர் 77 கொடுத்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது வரும் மௌனம், மூன்று மணி நேர விரிவுரையை விட நன்றாக வேலை செய்யும். உச்சரிப்பு பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். பேசுகிறவரின் வாதம் புரிந்தால் போதும். அவர் வளர்ந்த ஊரின் சாயல் அவர் பேச்சில் இருப்பதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இதைச் சொல்லாமலே தெரியும் என்று நினைக்காதீர்கள், தெரியாது.

யார் எதைப் பார்ப்பது

ஏற்பாட்டுத் தலைவர் ஒருவர், தலைமை நடுவர் ஒருவர், இருவரும் கண்டிப்பாக வேறு வேறு ஆள். ஏற்பாட்டுத் தலைவர் அறை, சாப்பாடு, பேருந்து, பணம், விருந்தினர் என்று வெளி உலகத்தோடு போராடுவார். தலைமை நடுவரும் அவருடைய துணை நடுவர்கள் இரண்டு மூன்று பேரும் தலைப்புகள், நடுவர் ஒதுக்கீடு, தீர்ப்பின் தரம் இவற்றை மட்டும் பார்ப்பார்கள். இந்தத் துணை நடுவர்கள் ஒரே நாட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது, அதற்கான காரணம் தலைப்புகள் பற்றிப் பேசும்போது புரியும். மூன்றாவதாக, எந்த அணி எந்த அணியோடு மோதும் என்ற இணை அட்டவணையையும் மதிப்பெண்களையும் கையாளும் ஆள். இவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், போட்டியின் சமையலறையே அவர் மேசைதான். நான்காவதாக, மாணவர் நலன் பார்க்கிறவர்: கேலி, பாகுபாடு, மிரட்டல், உடல்நலம் என்று எது வந்தாலும் பிள்ளைகள் தயங்காமல் போய்ப் பேசக்கூடிய இருவர், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.

ஏற்பாட்டுத் தலைவருக்குத் தலைப்புகள் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு.

காகிதங்கள், அதுவும் பிள்ளைகளுடைய காகிதங்கள்

அணிகளை அழைக்கும் கடிதம் எட்டு, ஒன்பது மாதம் முன்பே போக வேண்டும். பள்ளிகள் பணம் திரட்ட வேண்டும், தேர்வு அட்டவணை பார்க்க வேண்டும், விசா வாங்க வேண்டும். பதிவை இரண்டு கட்டமாக வையுங்கள்: முதலில் எத்தனை அணி என்று இடம் பிடிப்பது, பிறகு ஒரு தேதிக்குள் பெயர்கள், பாஸ்போர்ட் விவரங்கள், கட்டணம். திருப்பித் தருவது எந்தத் தேதி வரை, எவ்வளவு என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் என்ன என்பதையும் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் கட்டாயம் ஒருவருக்காவது மறுப்பார்கள்.

விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் மாணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது போட்டிக்கு அனுப்பிய ஒரு கடிதத்தில் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டது, தட்டச்சு செய்தது நான்தான். புதுக் கடிதம் அனுப்பி, அவர்கள் மறுபடி நேரம் வாங்கி, விசா கைக்கு வந்தபோது போட்டியின் முதல் நாள் முடிந்திருந்தது. அந்த அணி இரண்டு பேரோடு வந்தது. அதற்குப் பிறகு ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தம்போட்டு வாசித்துச் சரிபார்க்காமல் நாங்கள் ஒரு கடிதமும் அனுப்புவதில்லை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் 18 வயது நிரம்பாதவர்கள். இதை எப்போதும் மறக்கக் கூடாது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல், பயண மருத்துவக் காப்பீடு, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள், புகைப்படம் வெளியிட அனுமதி உண்டா இல்லையா, இவ்வளவும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும். அணிக்கு ஒரு பொறுப்பாளர் கட்டாயம். அவர் நடுவராகவும் இருந்தால், அவர் அறைக்குள் தீர்ப்பில் இருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று முன்பே எழுதி வையுங்கள். எந்தப் பெரியவரும், நடுவராகவே இருந்தாலும், ஒரு மாணவரோடு தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக் கூடாது என்பதை விதியாகவே அறிவியுங்கள். கருத்துக் கேட்கும் ஆர்வத்தில் பிள்ளைகளே நடுவர் பின்னால் போவார்கள். தாழ்வாரத்தில், எல்லோர் பார்வையிலும் பேசச் சொல்லுங்கள்.

தலைப்புகள்

தலைப்பு எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் யாரும் இன்னும் ஒரு தலைப்பை வைத்து 16 அறைகளில் விவாதம் நடத்திப் பார்க்காதவர்கள். நல்ல தலைப்பு என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வெல்ல வேண்டும். 16 அறைகளில் 13-ஐ எதிர் அணி வென்றால் தலைப்பு சாய்ந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், பிள்ளைகள் மேல் பழி போட முடியாது.

உலகப் போட்டியில் எட்டு முதல்நிலைச் சுற்றுகளில் பாதிக்குத் தலைப்பை முன்கூட்டியே தந்துவிடுவார்கள், மீதி பாதிக்கு அங்கேயே அறிவித்து ஒரு மணி நேரம் தயாரிக்கக் கொடுப்பார்கள். இந்தக் கலவையை நீங்களும் வையுங்கள். முன்கூட்டிய தலைப்புகளை ஓரிரு மாதம் முன்பே அனுப்பிவிட்டால் புது அணிகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். உடனடித் தலைப்புகளில்தான் உண்மையான சோதனை, அங்கேதான் நீங்கள் தவறு செய்யவும் வாய்ப்பு அதிகம்.

"சமூக ஊடகங்கள் நன்மையா தீமையா" என்று வைத்தால் எட்டு நிமிடமும் இரண்டு அணியும் வெவ்வேறு ஊரில் நின்று பேசிக்கொண்டிருக்கும். "16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்வோம்" என்றால் யார், எதை, எந்த வயதில் என்று மோதுவதற்கு ஒரு களம் கிடைக்கிறது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது, 2025 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் நுணுக்கங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்ந்த ஓர் அணியும், அதைக் கேள்வியே படாத ஓர் அணியும் ஒரே அறையில் உட்கார்ந்தால், ஒரு மணி நேரத் தயாரிப்பு சமமாகாது. அப்போது தலைப்புக்கு மேலே மூன்று நான்கு வரியில் ஒரு தகவல் குறிப்புப் போட வேண்டும், அல்லது அந்தத் தலைப்பை முன்கூட்டிய பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். தகவல் குறிப்பு மூன்று வரியைத் தாண்டினால் அந்தத் தலைப்பு உடனடிச் சுற்றுக்கு ஏற்றதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

துணை நடுவர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து வேண்டும் என்றது இதனால்தான். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு சொல் இன்னொருவர் நாட்டில் ஆறாத காயமாக இருக்கும். நம் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்த தேர்வு முறை, பிற நாட்டுப் பிள்ளைக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஒவ்வொரு தலைப்பையும் எழுதியவர் அல்லாத ஒருவர் எடுத்துக்கொண்டு, இரு பக்கத்துக்கும் நான்கு நான்கு வாதங்களை 20 நிமிடத்தில் எழுதிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் மூன்றோடு திணறினால் அந்தத் தலைப்பை விடுங்கள். ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றும் தலைப்புகளைத்தான் விட மனசு வராது, விட வேண்டியவையும் பெரும்பாலும் அவைதான். எத்தனை சுற்றோ அதைவிட மூன்று தலைப்புகள் கூடுதலாகத் தயாராக இருக்கட்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு உலகத்தில் எங்காவது ஒரு பேரிடரோ தாக்குதலோ நடந்து, உங்கள் நான்காம் சுற்றுத் தலைப்பை வாய்விட்டுப் படிக்கவே முடியாதபடி ஆக்கிவிடும்.

இணை சேர்ப்பதும் மதிப்பெண் கணக்கும்

முதல் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கல். இரண்டாம் சுற்றிலிருந்து, ஒரே எண்ணிக்கையில் வென்ற அணிகளை ஒன்றோடொன்று மோத விடுவது வழக்கம்: வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 32 அணிகள், 5 சுற்று என்றால், முடிவில் ஐந்தும் வென்ற அணி ஒன்று, நான்கு வென்றவை 5, மூன்று வென்றவை 10, இரண்டு வென்றவை 10, ஒன்று வென்றவை 5, எதுவும் வெல்லாதது ஒன்று. அடுத்த கட்டத்துக்கு 16 அணிகளை எடுத்தால் மூன்று வென்ற எல்லோரும் உள்ளே, யாருக்கும் மனக்குறை இல்லை. 8 அணிகளை மட்டும் எடுத்தால் நான்குக்கு மேல் வென்ற 6 போக மீதி இரண்டு இடத்துக்குப் பத்து அணிகள் மதிப்பெண்ணால் முட்டிக்கொள்ளும். முந்தைய நாள் நடுவர் பயிற்சியை ஒழுங்காகச் செய்தீர்களா இல்லையா என்பது அங்கே தெரியும். முடிந்தால் 16 எடுங்கள். அதற்கு ஒரு சுற்று கூடுதல், அவ்வளவுதான்.

கையால் இதையெல்லாம் செய்யாதீர்கள். டேபிகேட் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, விவாதப் போட்டிகளுக்கென்றே எழுதியது. இணை சேர்ப்பது, ஒரே அணி எப்போதும் ஒரே பக்கம் பேசாமல் பார்த்துக்கொள்வது, எந்த நடுவர் எந்த அணிக்குப் போகக் கூடாது என்பதை நினைவில் வைப்பது, நடுவர்கள் பற்றிய கருத்துகளைச் சேர்ப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் போட்டியன்று காலையில் முதல்முறையாகத் திறக்காதீர்கள். ஒரு வாரம் முன்பு பொய்ப் பெயர்களைப் போட்டு ஐந்து சுற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நடுவில் ஓர் அணியை விலக்கிப் பாருங்கள், ஒரு முடிவைத் தவறாகப் போட்டுத் திருத்திப் பாருங்கள். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டால் உள்ளூர் மாணவர்களைக் கொண்ட ஒரு நிரப்பு அணி தேவைப்படும். அவர்கள் வென்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது என்று அவர்களிடமே முதலில் சொல்லிவிடுங்கள், பாவம்.

நடுவர் மதிப்பெண் எழுதும் புள்ளித்தாள் காகிதத்தில் வந்தால் ஒருவர் உள்ளிட, வேறொருவர் மறுபடி சரிபார்க்க வேண்டும். கூட்டல் தவறு ஒரு சுற்றுக்கு ஒன்றாவது இருக்கும். அதைவிட மோசமானது, வென்ற அணி என்று ஒன்றை எழுதிவிட்டு மொத்த மதிப்பெண்ணை இன்னோர் அணிக்கு அதிகமாகப் போடுவது. இந்த முறையில் வென்ற அணிக்குத்தான் மொத்தம் அதிகமாக இருக்க வேண்டும், சமமாகவும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு தாள் வந்தால் நீங்களாக ஊகித்துத் திருத்தாதீர்கள், அந்த நடுவரை மேசைக்கே வரவழையுங்கள்.

ஒரு சுற்று எவ்வளவு நேரம்?

ஆறு பேச்சு எட்டு நிமிடம் வீதம் 48, முடிவுரை இரண்டும் 8, ஆக 56 நிமிடம். ஒருவர் உட்கார்ந்து இன்னொருவர் எழுவதையும் சேர்த்தால் 65. நடுவர்கள் யோசித்து எழுத 15, தீர்ப்புரைக்கு 15. மொத்தம் 95. முன்கூட்டிய தலைப்பு என்றால், அறை தேடிப் போக 15 நிமிடம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உடனடித் தலைப்பு என்றால் அறிவிப்பும் ஒரு மணி நேரத் தயாரிப்பும் சேர்ந்து மூன்று மணி நேரம். இதன்படி ஒரு நாளைக்கு மூன்று சுற்று வைக்கலாம். நான்கு வைத்த நாளில் கடைசிச் சுற்றில் பேச்சாளர்களும் தூங்கினார்கள், நடுவர்களும் தூங்கினார்கள், இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

உடனடிச் சுற்று இப்படிப் போகும். எல்லோரும் ஒரே கூடத்தில். இணை அட்டவணையைத் திரையில் காட்டுங்கள், சத்தமாக ஒரு முறை வாசியுங்கள், யாராவது வராத அணி உண்டா என்று கேளுங்கள், அதன் பிறகுதான் தலைப்பு. தலைப்பைத் திரையில் காட்டி இரண்டு முறை வாசித்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும். பேசப் போகிறவர்களும் அணியின் மற்ற இருவரும் தயாரிப்பு அறைக்குப் போகட்டும். பயிற்சியாளர் கூடத்திலேயே இருக்க வேண்டும், கைபேசியும் மடிக்கணினியும் உறையில் போட்டு வெளியே. தலைப்பில் ஒரு சொல் புரியாவிட்டால் கேட்பதற்குத் துணை நடுவர் ஒருவர் தாழ்வாரத்தில் நிற்கட்டும். பொருளை மட்டும் சொல்வார், வாதத்தைச் சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு நேரக் காப்பாளர், ஒரு மணி. முதல் நிமிடம் முடிந்ததும் ஓர் அடி, ஏழாவது முடிந்ததும் ஓர் அடி, எட்டில் இரண்டு அடி. முடிவுரையில் மூன்றாவது நிமிடத்தில் ஓர் அடி, நான்கில் இரண்டு. எட்டு அடித்தபின் 15, 20 விநாடி வரை பொறுத்துக்கொள்வார்கள். மணி இல்லாவிட்டால் மேசையைத் தட்டினாலும் போதும், மணிக்காகச் சுற்றை நிறுத்தாதீர்கள்.

விவாதம் முடிந்ததும் அணிகள் வெளியே போகும். மூன்று நடுவர் இருந்தால் ஒவ்வொருவரும் தன் புள்ளித்தாளைத் தானே நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவரோடு பேச வேண்டும். இது உலகப் பள்ளிகள் முறையின் உயிர்நாடி. முதலில் பேசிவிட்டால் வயதில் மூத்தவர் சொன்னதே தீர்ப்பாகிவிடும். தாள்கள் முதலில் ஓட்டக்காரர் கையில் மதிப்பெண் மேசைக்குப் போகட்டும், பிறகு அணிகளை உள்ளே கூப்பிட்டுத் தலைமை வகிப்பவர் தீர்ப்பைச் சொல்லட்டும். தீர்ப்புரை நீண்டுகொண்டே போனால் அடுத்த சுற்று தள்ளிப்போகும், ஆகவே 15 நிமிடத்தில் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைக் கூச்சப்படாத ஒருவரிடம் கொடுங்கள்.

அறைகளைப் பற்றி ஒரே வார்த்தை: எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கட்டும், பெயர்ப் பலகையில் பெரிய எழுத்து இருக்கட்டும். ஒருமுறை இரண்டு கட்டடத்திலும் 204 என்று ஓர் அறை இருந்தது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இணையவழி நடத்தினால்

2020-இல் பெருந்தொற்றால் உலகப் போட்டியே திரைக்கு வந்தது, அதன்பிறகு சிறிய பன்னாட்டுப் போட்டிகள் பலவும் அப்படியே தொடர்கின்றன. செலவு குறைவு, விசா கிடையாது. ஆனால் நேர மண்டலம் என்ற ஒன்று எல்லா மிச்சத்தையும் தின்றுவிடும். அட்டவணையை உலகப் பொது நேரத்திலும் ஒவ்வோர் அணியின் உள்ளூர் நேரத்திலும் இரண்டு நெடுவரிசையாக அனுப்புங்கள். எந்த அணியும் உள்ளூர் நேரம் இரவு பத்துக்குப் பிறகு பேசக் கூடாது என்று வைத்தால், எந்தெந்த நாடுகளைச் சேர்க்க முடியாது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடம் காத்திருப்பது, அதற்குப் பிறகு யார் பேசுவது என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

குறைகள், இறுதிச் சுற்று, கிளம்புவது

தோற்ற அணியின் பயிற்சியாளர் வருவார். கோபமாக வருவார், சில சமயம் நியாயத்தோடும் வருவார். தீர்ப்பு தவறு என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவரைப் பற்றிய கருத்தில் பதிவு செய்யுங்கள், முடிவை மாற்றாதீர்கள். மதிப்பெண்ணை உள்ளிட்டதில் தவறு என்றால் உடனே தாளை எடுத்துப் பாருங்கள், தவறாக இருந்தால் அடுத்த இணை அட்டவணை வெளியாகும் முன் மாற்றுங்கள். மாணவரை அவமானப்படுத்தியது, இன, மத, பாலினக் கேலி போன்றவை மாணவர் நலன் பார்க்கிறவரிடம் போக வேண்டும். அதைத் தலைமை நடுவரோடு கலக்காதீர்கள்.

கடைசி ஒன்றிரண்டு முதல்நிலைச் சுற்றுகளின் முடிவை அறைகளில் சொல்லாமல் வைப்பது வழக்கம், அப்போதுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களை அறிவிக்கும் இரவில் ஒரு பரபரப்பு இருக்கும். நாக்அவுட் சுற்றுகளில் பக்கத்தை நாணயம் சுண்டி முடிவு செய்யலாம். இறுதிச் சுற்றுக்கு நடுவர்கள் ஐந்து அல்லது ஏழு, ஒற்றைப்படையில். புரவலரையோ சிறப்பு விருந்தினரையோ அந்த வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி ஓர் அழுத்தம் வரும், அவருக்குக் கோப்பை வழங்கும் மரியாதையைக் கொடுங்கள், புள்ளித்தாளைக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ்ப் பெயர்களை முதல் நாளே சுவரில் ஒட்டி, மாணவர்களையே திருத்தச் சொல்லுங்கள். போட்டி முடிந்த இரவே முழு மதிப்பெண் அட்டவணையை வெளியிடுங்கள், ஒரு வாரம் கழித்து வெளியிட்டால் அதற்குள் ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். விமான நிலையத்துக்குப் போகும் பேருந்துகளின் பட்டியலில் ஒவ்வோர் அணிக்கும் நேராக ஒரு பெரியவரின் பெயர் இருக்கட்டும். கடைசி அணி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செய்தி வரும்வரை உங்கள் கைபேசியை அணைக்காதீர்கள், சார்ஜரையும் யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.